கடைசிப் பத்தடி

என் வலது கையின் மேல் எலும்பு முறிந்தது 2004 ஜனவரியில். பட்டாளத்தில் சேர்ந்து ஐந்தாவது வருடம். மகாராஷ்டிரத்து மலைப் பக்கம் ஹேங் கிளைடர் பயிற்சிக்குப் போயிருந்தேன். குன்றிலிருந்து ஓடிக் கிளம்பியது சரியாக இருந்தது. காற்றில் இருந்த இரண்டு நிமிடமும் சரியாகவே இருந்தது. தரைக்கு இன்னும் பத்தடி என்கிற இடத்தில்தான் கெட்டது. அந்தப் பத்தடியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. பாதியை மலையில் கற்றேன். மீதியைக் கையில் கட்டோடு, நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் உட்கார்ந்து கற்றேன்.

ஹேங் கிளைடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அலுமினியக் குழாய்களின் மேல் இழுத்துக் கட்டிய பெரிய துணி இறக்கை அது. எடை 25, 30 கிலோ இருக்கும். எஞ்சின் கிடையாது. இறக்கைக்கு அடியில் ஒரு முக்கோணச் சட்டம். பறப்பவர் அதற்கு நடுவில் ஒரு பட்டையில் குப்புறத் தொங்குவார். நம் உடம்பின் எடைதான் கட்டுப்பாடு. சட்டத்தின் அடிக்கம்பியை மார்புப் பக்கம் இழுத்தால் உடம்பு முன்னே போகும், இறக்கையின் மூக்கு தாழும், வேகம் கூடும். கம்பியைத் தள்ளினால் மூக்கு நிமிரும், வேகம் குறையும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால், பயிற்சி இறக்கைகளில் அது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர், இறக்கை நம்மைத் தாங்காது. விட்டுவிடும்.

முதல் நாளே எங்கள் பயிற்சியாளர் ஓட்டோ லிலியந்தாலைப் பற்றிச் சொன்னார். ஜெர்மனிக்காரர். 1891-லிருந்து, தானே செய்த இறக்கைகளோடு குன்றுகளிலிருந்து இரண்டாயிரம் தடவைக்கு மேல் பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று அவருடைய இறக்கை மூக்கு நிமிர்ந்து வேகம் இழந்தது. ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்தது. மறுநாள் இறந்துபோனார். அவருடைய இறக்கையில் கைகளை ஊன்றிக்கொண்டு காலை வீசித்தான் எடையை மாற்ற முடியும். நாங்கள் பிடித்துப் பழகிய முக்கோணச் சட்டம், 1963-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் டிக்கன்சன் கட்டிய இறக்கையோடு பரவியது. அது வந்த பிறகு உடம்பை நகர்த்துவது எளிதாகிவிட்டது. வேகம் போனால் இறக்கை விழும் என்பதில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் விழுந்தேன். அதற்குக் காரணம் பயம். தரை நெருங்க நெருங்க, உடம்பு அதிலிருந்து விலகப் பார்க்கும். கை தானாகக் கம்பியைத் தள்ளும். வேகத்தைக் குறைத்தால் மெதுவாக இறங்கிவிடலாம் என்று மனசு நம்பும். சைக்கிளிலும் பைக்கிலும் அது சரிதான். இறக்கையில் அது தலைகீழ். இறங்கும்போது வேகம் வேண்டும். தரைக்கு மூன்றடி உயரத்தில் சமமாகப் பறந்து, அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவிட்டு, இனிமேல் இறக்கை தாங்காது என்கிற அந்தக் கணத்தில் இரண்டு கையாலும் முழுசாக மேலே தள்ளி மூக்கை நிமிர்த்த வேண்டும். அதை ஃப்ளேர் என்போம். இறக்கை முழுவதும் காற்றுக்கு எதிராக விரிந்து நிற்கும், நாம் இரண்டு காலில் நிற்போம்.

நான் இருபதடியிலேயே தள்ளத் தொடங்கிவிட்டேன். பத்தடியில் இறக்கை விட்டது. மூக்கு குத்தியது. சட்டம் தரையில் பட்டு நின்றுவிட்டது, என் உடம்பு நிற்கவில்லை. பக்கவாட்டுக் குழாயை இறுக்கிப் பிடித்திருந்த வலது கை அங்கேயே மாட்டிக்கொள்ள, உடம்பு அதைத் தாண்டிப் போனது. எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் குழாயை விட்டுவிட வேண்டும், கையை உடம்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பிற்பாடு நான் பயிற்சி கொடுத்த ஒவ்வொருவருக்கும் முதல் நாளில் சொன்னது இதைத்தான்.

மூன்று மாத மருத்துவ விடுப்பில் ஊருக்கு வந்தேன். தை மாதக் கடைசி. சம்பா அறுவடை முடிகிற நேரம். அறுவடை இயந்திரம் ஊருக்குள் வந்திருந்தாலும், விதைநெல்லை மட்டும் எங்கள் அத்தை கையால் அடித்துத்தான் தூற்றுவார். வேறு வேலை செய்ய முடியாததால் களத்துமேட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அத்தை முறத்தில் நெல்லை வாரித் தலைக்கு மேலே தூக்குவார். தூக்கியதும் கொட்டிவிட மாட்டார். அப்படியே நிற்பார். சில நேரம் ரொம்ப நேரம் நிற்பார், கை கொஞ்சமும் ஆடாது. அப்புறம் காற்று ஒரு இழை வந்ததும், முறத்தின் விளிம்பை லேசாகச் சாய்ப்பார். நெல் நேராக விழும், பதர் இரண்டடி தள்ளிப் பறந்து விழும். காற்று நின்றால் முறமும் நிற்கும், பாதி நெல் மேலேயே இருக்கும். மறுபடி காற்று வந்த பிறகுதான் மிச்சம் விழும்.

“எப்படி அத்தை தெரியுது, காத்து வருதுன்னு?” என்று கேட்டேன்.

“முழங்கையில மொதல்ல படும்டா தம்பி. அவசரப்பட்டு விட்டீன்னா நெல்லும் பதரும் ஒண்ணாத்தான் விழும். கை வலிச்சாலும் தூக்கிக்கிட்டு நிக்கணும்.”

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அத்தையின் கை காத்திருந்தது, என் கை காத்திருக்கவில்லை. ஃப்ளேருக்கு வேண்டியது கைப்பலம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். களத்து ஓரத்தில் அறுபதடித் தென்னைகள் வரிசையாக நிற்கும். ஒரு மத்தியானம் மேலே மட்டைகள் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தன. கீழே அத்தை முறத்தைத் தூக்கிக்கொண்டு காற்றுக்காகக் காத்திருந்தார். வரப்புப் புல் அசையவே இல்லை. ஒரே இடம், ஒரே நேரம், ஆனால் மேலே ஒரு காற்று, கீழே ஒரு காற்று. தரையில் உரசி உரசி காற்று அடியில் மெலிந்துவிடுகிறது. பயிற்சி மையத்தில் இதைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள், எனக்கு மனசில் பதியவில்லை. இங்கே பதிந்தது. எதிர்காற்று மேலே 20 கிலோமீட்டர், தரையருகே 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் விறுவிறுவென்று இறங்கும் இறக்கைக்கு, நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அதன் மேல் பட்டு அதைத் தாங்கும் காற்றின் வேகத்தில் பத்து காணாமல் போய்விடும். அதற்குத்தான் கூடுதல் வேகத்தோடு இறங்கச் சொல்கிறார்கள். நானோ இருந்த வேகத்தையும் தள்ளித் தள்ளிக் குறைத்திருந்தேன்.

அத்தை ஒருநாளும் மூங்கில் கொத்துக்குப் பின்னால் போய்த் தூற்ற மாட்டார். நிழல் இருக்கிறதே என்று சொன்னதற்கு, “அங்க காத்து சுத்தும்டா, பதரு என் மூஞ்சிக்கே வரும்” என்றார். மரக்கூட்டத்துக்குப் பின்னால் காற்று சுழலும், அங்கே இறங்காதே என்பது எங்கள் பயிற்சியிலும் உண்டு. மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் தள்ளி இறங்கு என்பார்கள். வாய்க்கால் கரையில் வந்து உட்காரும் மடையானும் இதைக் கடைப்பிடித்தது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கடைசியில் ஒரு வளைவு வளைந்து, காற்றைப் பார்த்துத் திரும்பி, காலை நீட்டி, இறக்கையை அகலமாக விரித்து ஒரே ஒரு அடி அடித்து உட்காரும்.

சித்திரையில் கட்டைப் பிரித்தார்கள். உளுந்து பிடுங்கி முடித்த வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அந்த வெடிப்பில் கால் மாட்டாமல் ஓடிப் பழகினேன், தலைக்கு மேலே இரண்டு மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு. ஓடி, நின்று, கையை முழுசாக மேலே தள்ளி நிற்பது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கை நேராவதற்காக டாக்டர் சொன்ன பயிற்சி என்று நினைத்திருப்பார்கள், அதுவும் பொய்யில்லை.

மழைக்காலம் முடிந்து மறுபடி பயிற்சிக்குப் போனேன். முதலில் சக்கரம் வைத்த சட்டத்தில் உருண்டு இறங்கினேன், பத்துப் பதினைந்து தடவை. பிறகு காலில். அந்த முதல் நல்ல இறக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. கம்பியை மார்போடு இழுத்துக்கொண்டே வந்தேன். தரை வேகமாக ஓடிவந்தது. தள்ளு தள்ளு என்று உள்ளே ஒரு குரல். தள்ளவில்லை. மூன்றடியில் சமமானேன். கைகளை அடிக்கம்பியிலிருந்து பக்கக் குழாய்களுக்கு ஒவ்வொன்றாக மாற்றினேன். முகத்தில் காற்றின் சத்தம் இரைச்சலாக இருந்தது முணுமுணுப்பானது, அப்புறம் அடங்கியது. சட்டம் கையில் லேசாக, உயிரில்லாததுபோல ஆனது. முழங்கையில் மொதல்ல படும் என்றது அதுதான். முழுசாக மேலே தள்ளினேன். ஒரு எட்டு கூட எடுத்து வைக்கவில்லை. நின்றேன்.

அதன் பிறகு ஏழு வருடம் அதே வேலையைச் சொல்லிக்கொடுத்தேன். கிளம்புவதற்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் போதும், இறங்குவதற்கு ஆளுக்கு ஆள் மாறும். பலசாலிகள் சீக்கிரம் கற்பார்கள் என்பது தவறு, பெரும்பாலும் அவர்கள்தான் முன்கூட்டியே தள்ளுவார்கள். முன்கூட்டித் தள்ளினால் இறக்கை பட்டம்போல் மேலே எழும்பும், அங்கே வேகம் தீர்ந்து அப்படியே விழும். அந்த நேரத்தில் கையை இழுக்கக் கூடாது, தள்ளிய கையைத் தள்ளியபடியே பிடித்துக்கொண்டு காலில் விழ வேண்டும். ஒரு பையன் இரண்டு ஏக்கர் மைதானத்தில் இருந்த ஒரே ஒரு மரத்தைக் குறிவைத்ததுபோலப் போய் அதன் பக்கத்தில் விழுந்தான். மரத்தில் மோதிவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். கண் போன பக்கம் உடம்பு சாயும், உடம்பு சாய்ந்த பக்கம் இறக்கை போகும். சின்ன வயதில் வரப்பில் சைக்கிள் ஓட்டும்போது அப்பா பின்னாலிருந்து கத்துவார், “சக்கரத்தப் பாக்காத, வரப்பு முடியுற எடத்தப் பாரு!” அதையே இந்தியில் அந்தப் பையனிடம் சொன்னேன்.

2017-இல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே குன்றும் இல்லை, தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கும்போது யாரும் நினைத்தபடி இறக்கையைக் கட்டிக்கொண்டு பறந்துவிடவும் முடியாது. இப்போது வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் ஓட்டுகிறேன், நாலைந்து பேருக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கே டிரோன் பறக்கலாம், எங்கே கூடாது என்று நிறத்தில் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எந்த வயலுக்கும் போவோம். பத்து லிட்டர் தொட்டி, நாலு அல்லது ஆறு விசிறி. இறக்கைக்கும் இதற்கும் இயக்கத்தில் சம்பந்தமே இல்லை. ஆனால் இதுவும் இறங்கும்போதுதான் உடைகிறது. நேர் கீழே வேகமாக இறக்கினால், தன் விசிறி தள்ளிய காற்றுக்குள்ளேயே அது விழுந்து தள்ளாடும். மெதுவாக இறக்க வேண்டும், அல்லது கொஞ்சம் முன்னே நகர்த்திக்கொண்டே இறக்க வேண்டும். கம்பம் தெரிந்தால் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும், கம்பி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். பம்ப்செட் லைன் இல்லாத வயல் எங்கள் பக்கம் குறைவு.

என்னிடம் கற்கும் ஒரு பெண், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவள், போன ஆடியில் மூங்கில் கொத்துக்குப் பின்னால் நிழலில் நின்றபடி டிரோனை இறக்கப் பார்த்தாள். மேற்குக் காற்று தென்னை மட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. டிரோன் ஒரு பக்கமாகச் சரிந்தது, அவள் கை நடுங்கியது. “மேல ஏத்திரும்மா, அவசரமில்ல, பேட்டரி இருக்கு” என்றேன். ஏற்றினாள். வெட்டவெளிக் களத்துக்கு நடந்துபோனோம். அங்கே டிரோனைத் தலைக்கு மேலே நிறுத்திவைத்துக்கொண்டு, காற்று கொஞ்சம் அடங்கும்வரை அவள் நின்றாள். “இப்ப இறக்கவாண்ணே?” என்று மூன்று தடவை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. நாலாவது தடவை கேட்காமலே இறக்கினாள்.

இப்போது அவள் வண்டியில் மருந்துக் கேனுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி கிடக்கிறது, நுனியில் பழைய சேலைக் கிழிசல் ஒரு முழம். வயலுக்குப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் வரப்பில் நடுகிறாள்.