மிஸ் பேக்கருக்கு ஒரு வாழைப்பழம்

குரங்கின் கல்லறைமேல் வாழைப்பழங்கள் வைத்திருந்ததைக் கண்டு அம்மா அப்படியே நின்றுவிட்டா. புதுக்குடியிருப்பில் வாழைத்தோட்டம் வைத்திருந்தவா அவா. குலை முற்றுகிற காலத்தில் தகரத்தைத் தட்டிக் குரங்கு கலைப்பதே பொழுதாகப் போகும். "பிள்ளை, இதுக்கும் படைக்கினமோ?" என்று கேட்டா.

அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில், ரொக்கெட் நகரம் என்று பேர் எடுத்த ஊர். மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 இங்கேதான் வடிவமைக்கப்பட்டது. மகனுக்கு விண்வெளி என்றால் உயிர். அட்லாண்டாவிலிருந்து விடியவே இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு காரில் வெளிக்கிட்டோம்.

மிஸ் பேக்கர் ஒரு சின்ன அணில்குரங்கு. எடை சுமார் 300 கிராம்தான். 1959 மே 28 அன்று ஜூப்பிட்டர் ஏவுகணையின் மூக்குப் பகுதிக்குள் வைத்துக் கேப் கனவரலில் இருந்து ஏவினார்கள். சுமார் 480 கிலோமீற்றர் உயரம் போய், கால்மணி நேரத்தில் அத்திலாந்திக் கடலில் வந்து விழுந்தது. கூடப் போன ஏபிள் என்ற குரங்கும் உயிரோடுதான் திரும்பியது. ஆனால் சில நாட்களிலேயே, உடம்பில் பொருத்தியிருந்த கருவியை எடுக்க மயக்கமருந்து கொடுத்தபோது செத்துப்போனது. பேக்கர் 1984 வரை வாழ்ந்தது. விண்வெளி அருங்காட்சியக வாசலில் துணையோடு அடக்கம் செய்து, கல் நட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மகன் வாசித்துச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. "அந்த இருட்டுக்குள்ள, அந்தச் சத்தத்தில... பாவம், எப்பிடிப் பயந்திருக்கும்." பிறகு பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கல்லில் வைத்தா. "கதலி எண்டா நல்லாயிருக்கும். இஞ்சத்தப் பழத்தைக் குரங்கே தின்னாது" என்று சொல்ல, மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

உள்ளே 363 அடி நீள சாட்டர்ன், தலைக்கு மேலே படுத்த வாக்கில் இருக்கிறது. அதன் எஞ்சின்களைச் சோதித்த 1960களில் ஊர் ஜன்னல்கள் எல்லாம் அதிருமாம். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் வெர்னர் ஃபொன் பிரவுன், அதற்கு முன் ஹிட்லரின் ஜெர்மனியில் வீ-2 ஏவுகணை செய்தவர். நிலத்தடிச் சுரங்கங்களில் நாஜி வதைமுகாம் கைதிகளை வைத்துத்தான் அந்த ஏவுகணைகளைக் கட்டினார்கள். அந்த முகாமில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். சந்திரனுக்குப் போன கதையைக் கேட்கிறபோதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும். வரவும் வேண்டும்.

இந்த நாடு எனக்குப் பழகிவிட்டது. ஜூலை 4 வெடிச்சத்தத்துக்கு இப்போது திடுக்கிடுவதில்லை. குளிர் பழகிவிட்டது, நெடுஞ்சாலை பழகிவிட்டது. ஆனால் அந்த எஞ்சின்களின் கீழே நின்றபோது நான் நின்றது முல்லைத்தீவின் மாத்தளன் கடற்கரையில், கடைசிப் போருக்குள். குண்டு போட வரும் கிபிர் விமானம் இரைகிறது, பங்கருக்குள் அம்மா என் தலையை மடியில் அமுக்கிப் பிடித்திருக்கிறா. மண்மூட்டை தைக்க உரப்பை கிடைக்காமல் அம்மாவின் கூறைச்சேலையை வெட்டித் தைத்தோம். சிவப்புச் சேலை, சரிகைக்கரை. தையல் விட்ட இடத்தால் மணல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

அப்பாவை அந்தப் பங்கருக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு நடந்தோம். கொள்ளி வைக்க நேரமில்லை. எட்டுச்செலவும் இல்லை, அந்திரட்டியும் இல்லை. அந்தக் கரையில் 2009இல் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு இன்றுவரை இல்லை. போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களில் இருந்த கல்லறைகளையும் புல்டோசர் கொண்டு இடித்தார்கள். அந்தக் குட்டிக் குரங்குக்குக் கல் நட்டவர்கள் நல்ல மனிதர்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் மனம் ஆறாதது எங்கள் சனத்துக்கு அது இல்லையே என்றுதான்.

"அம்மப்பாவுக்குக் கல் எங்க?" என்று மகன் காரில் கேட்டான். இல்லை என்றேன். அப்போ நாங்கள் வைப்போம் என்றான். வீடு வரும்வரை அம்மம்மாவும் பேரனும் அதில் என்ன எழுதுவது என்றே பேசிக்கொண்டு வந்தார்கள். பேரும் ஊரும் ஆண்டும் போதும் என்றா அம்மா. தோட்டக்காரர் என்றும் போடவேண்டும் என்று அவன் விடவில்லை. அவன் சொன்னது சரி, அதைப் போடத்தான் வேண்டும்.