தென்னந்தோப்பு தூக்கிவிட்ட தண்டவாளம்

கம்ப்யூட்டர் ரயில் விளையாட்டில் கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே போட்ட தண்டவாளத்தை மூன்றாவது தடவையாகப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை நிற்கும் என்று தோன்றுகிறது. போத்தனூர்–பொள்ளாச்சி 40 கிலோமீட்டரை ஒரு மீட்டர்கூடச் சுருக்காமல் ஓப்பன் ரெயில்ஸ் என்கிற ரயில் ஓட்டும் சிமுலேட்டருக்குக் கொண்டுவருகிறேன் என்று போன வருடம் மார்தட்டினேன். அப்புறம் சத்தமே காட்டாமல் இருந்ததற்குக் காரணம் இந்தப் பாழாய்ப்போன துண்டுதான்.

கோளாறைக் கண்டுபிடித்தவர் என் மாமா. பாலக்காடு டிவிஷனில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடி நோம்பிக்கு வந்தவரைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, டபிள்யூ.டி.எம்.3டி டீசல் இஞ்சினையும் பத்துப் பெட்டியையும் கையில் கொடுத்தேன். கிணத்துக்கடவு வந்ததும் பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்றைப் பார்த்து “அட!” என்பார் என்று காத்திருந்தேன். படிக்கட்டு உட்பட அந்தக் குன்றுக்கு மட்டும் இரண்டு வாரம் உழைத்திருக்கிறேன். மனுஷன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் நாட்சை, அதாவது இஞ்சினின் விசைப் படியை, குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார்.

“ஏன் மாப்ளே, ரோடு எதுக்கு இப்புடித் தவ்வுது? இங்கெல்லாம் வண்டி தானா உருண்டு போகோணுமே.”

ரயில்காரர்களுக்குத் தண்டவாளம்தான் ரோடு. ஒரு செக்‌ஷனில் வண்டி எடுக்கும் முன்பு எல்.ஆர். (லேர்னிங் ரோடு, பாதை பழகும் ஓட்டம்) போய் அந்த ரோட்டைப் படித்தாக வேண்டும். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாதை வரையும் எடிட்டரைத் திறந்து அந்த இடத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். ஒட்டகத்தின் முதுகு மாதிரி இருந்தது.

நான் போட்டிருந்தது எல்லோரும் போடுகிற எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவுதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மலைப்பாதை போடுபவர்களுக்கு அது அமிர்தம். சமவெளிக்காரனுக்கு அதில் இரண்டு வினை. முதலாவது, உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும். 200-க்கு 1 சரிவில் ஒரு மீட்டர் இறங்க 200 மீட்டர் ஓட வேண்டும். தரவோ அந்த 200 மீட்டரைச் சமமாக வைத்திருந்து கடைசியில் ஒரே படியாக இறக்கிவிடுகிறது. ரயில் பாதை வீட்டு வாசற்படி ஆகிவிட்டது.

இரண்டாவது வினைதான் என்னை மூன்று தடவை கவிழ்த்தது. ரேடாருக்குத் தரை தெரியாது, தரைமேல் நிற்பதுதான் தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் தரைமேல் நிற்பது எது? தென்னை. மரமில்லாத வெறும் வயக்காட்டில் ஒழுங்காக வருகிற பாதை, தோப்புக்குள் நுழைந்ததும் நாலைந்து மீட்டர் ஏறுகிறது. தோப்பு முடிந்ததும் தொப்பென்று இறங்குகிறது. மாமா நாட்சைக் கூட்டிக் குறைத்தது எல்லாமே தோப்பின் வரப்பு ஓரத்தில்தான்! போதாக்குறைக்கு அந்தத் தரவு மீட்டர் கேஜ் காலத்தில் எடுத்தது. அகலப் பாதையாக மாறி 2017-இல் திறந்த தடத்துக்கு அந்தக் கால மண்ணை வைத்து நான் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை தரை முழுவதையும் மென்மையாக்கும் வடிகட்டியில் போட்டேன். மேடு போனது, கூடவே பள்ளங்களும் பாலங்களும் போயின. இரண்டாம் தடவை தோப்புக்குத் தோப்பு கையால் இறக்கினேன். ஐந்து தோப்பு முடிந்தபோது மூன்று வாரம் போயிருந்தது. மூன்றாம் தடவைதான் புத்தி வந்தது: தரையை நம்பித் தண்டவாளம் போடாதே, தண்டவாளத்தைப் போட்டுவிட்டுத் தரையை அதற்கு ஏற்றாற்போல இழு.

அப்படியென்றால் தண்டவாளத்தின் உயரம் எங்கிருந்து வரும்? விடை மஞ்சள் பலகையில் இருக்கிறது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பார்களே, அதுதான் ஆணி. எழுதியிருக்கிற ஊர்களில் அந்த எண்ணை அடித்து வைத்துக்கொண்டேன். ஸ்டேஷன் யார்டில் 400-க்கு 1-க்கு மேல் சரிவு கூடாது, 1200-க்கு 1 என்பதே நல்லது என்று விதி இருப்பதால் யார்டுகளைத் தட்டையாக வைத்துவிடலாம். நடுவில் உள்ளதற்கு, சரிவு மாறுகிற இடங்களில் தண்டவாள ஓரம் நின்று சரிவின் அளவைச் சொல்லும் கிரேடியன்ட் பலகைகள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடியோ எடுத்து, வீட்டில் மெதுவாக ஓட்டிப் படித்தேன். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. மீதியைப் புதர் மூடியிருந்தது, அல்லது எதிர்ப் பக்கம் இருந்தது. அவற்றை நானே ஊகித்துப் போட்டேன். போனில் ஜி.பி.எஸ். உயரம் பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். அது தோப்பைவிட மோசமாகத் தவ்வுகிறது.

இனி டிஎஸ்ஆர்இ என்கிற அந்தப் பாதை எடிட்டரில் உட்கார்ந்த கதை. சிமுலேட்டரில் நம் தண்டவாளத் துண்டுகள் மேல்கீழாக வளையாது, ஒவ்வொன்றும் விறைத்த பலகை. 150-க்கு 1 இறங்கி வந்து 200-க்கு 1 ஏறுகிற ஒரு பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 0.67 சதவீதமும் 0.5 சதவீதமும் சேர்ந்து 1.17 சதவீத மாற்றம். அதை ஒரே மூட்டில் வைத்தால் இஞ்சின் கேபில், அதாவது ஓட்டுநர் அறையில், இருப்பவருக்குத் தொடுவானம் வெட்டி இழுக்கும். ஒரு மூட்டுக்கு 0.1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 12 மூட்டு, பத்துப் பத்து மீட்டர் துண்டாகப் போட்டால் சுமார் 120 மீட்டரில் பள்ளம் வழுக்கிக்கொண்டு போகும். 0.2 வைத்துப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரிகிறது. 0.05 வைத்தால் அழகுதான், ஆனால் துண்டு இரட்டிப்பாகும், ஆயுசு போதாது. 0.1-தான் என் கணக்கு. உங்களுக்கு வேறு எண் ஒத்துவந்தால் சொல்லுங்கள்.

இவ்வளவு பிடிவாதம் பிடித்தவன் மற்றதில் கூசாமல் ஏமாற்றியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது கிலோமீட்டருக்கும் சேர்த்து மொத்தம் 11 கட்டட மாதிரிதான். ஓட்டு வீடு, மாடி வீடு, நார் மில், கொப்பரைக் களம் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி வைத்தேன். மின்கம்பங்கள் வருவதற்கு முந்தைய காலம் என்று வைத்துக்கொண்டதால் கம்பி, கம்பம் செலவு மிச்சம். 1676 மில்லிமீட்டர் அகலப் பாதைக்குப் புதுத் தடத் தரவு எழுதவில்லை. வண்டி ஓடுவது நடுக்கோட்டில், கண்ணில் படும் கம்பியில் அல்ல. எனவே சிமுலேட்டரில் இருக்கிற 1435 மில்லிமீட்டர் துண்டுகளின் உருவத்தை மட்டும் அகலப்படுத்தினேன். தடம் பிரிகிற பாயின்ட்டுகள்தான் கொஞ்சம் அசிங்கமாக இருக்கின்றன. கேபிலிருந்து தெரியாது, இறங்கிப் போய்ப் பார்க்காதீர்கள்.

ஏமாற்ற முடியாமல் போனது தென்னையில்தான். 25 அடிக்கு ஒரு மரம், ஹெக்டேருக்கு 175. இரண்டு பக்கமும் 200 மீட்டர் ஆழத்துக்கு நட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 40 ஹெக்டேர், ஏழாயிரம் மரம்! என் கிராபிக்ஸ் கார்டு பெருமூச்சு விட்டது. காடு போடும் வசதியில் தூவினால் வேகம் கிடைக்கிறது, ஆனால் மரங்கள் கண்டபடி நிற்கின்றன. அது தோப்பு இல்லை, வனம். தோப்பு என்றால் வண்டி ஓட ஓட வரிசைகள் விசிறி மாதிரி விரிந்து மூட வேண்டும். அதனால் ஐந்துக்கு ஐந்து, 25 மரத்தை ஒரே பொருளாகச் செய்து சதுரம் சதுரமாக அடுக்கினேன். அதுவும் தண்டவாளத்தை ஒட்டி இரண்டு சதுரம்தான், பின்னால் படம் ஒட்டிய தட்டி. தூரத்தில் ஆனைமலைக்கு மட்டும் தொலைமலை டைல் (தூரத்து மலைகளைக் காட்டும் தரைத் துண்டு) போட்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் எந்த ஊர் என்றே தெரியாது.

கிராபிக்ஸ் கார்டு என்றதும் ஞாபகம் வருகிறது. கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் பழைய கார்டு ஒன்று வாங்கினேன். ஒரு வருட வாரண்டி என்றார்கள். இரண்டாம் மாதம் திரையில் பச்சைக் கோடு. கொண்டுபோனால், “நீங்க கேம் ஆடியிருக்கீங்க” என்கிறார்கள். பின்னே கிராபிக்ஸ் கார்டில் மாவா ஆட்டுவார்கள்? பழைய பொருள் வாங்குகிறவர்கள் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இதை முடிக்கும் முன்பே மேட்டுப்பாளையத்தின் மேல் கண் போய்விட்டது. கல்லாறு தாண்டியதும் 12-க்கு 1 ஏற்றம், பல்சக்கரப் பாதை, ஊட்டி வரை 208 வளைவு. உயரத் தரவு அங்கே கைகொடுக்கும், மலையாயிற்றே. பல்சக்கரத்தை எப்படி ஏமாற்றுவது என்பதுதான் கேள்வி. சக்கரப் பிடிப்பைக் கண்டபடி கூட்டிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. மரம் நடுகிற வேலை அங்கேயும் இருக்கிறது, தென்னை இல்லாதவரை சரி.

போன ஞாயிறு மாமா மறுபடி வந்தார். கிணத்துக்கடவிலிருந்து நாட்சைத் தொடாமலே இறங்கினார். பொள்ளாச்சி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுத்திவிட்டு, “கேட்டுக்கு முன்னாடி டபிள்யூ பார் எல் போர்டு ஒண்ணையுங் காணோமே, நான் எங்க ஆரன் அடிக்கறது?” என்றார். லெவல் கிராசிங் கேட்டு வருகிறது, ஆரன் அடி என்று ஓட்டுநருக்குச் சொல்லும் பலகை அது. மொத்தமாக மறந்திருக்கிறேன். பொள்ளாச்சி யார்டில் பாலக்காட்டுப் பக்கம் பிரியும் தடமும் இன்னும் அரை மீட்டர் காற்றில் தொங்குகிறது. முதலில் போர்டு.