நானே பதிப்பாளர் ஆன கணக்கு

முதல் நாவலைச் சொந்தச் செலவில் போட்டேன் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" கதை என்ன என்று கேட்பது அதற்கு அப்புறம்தான். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் எனக்கு அந்தக் கேள்வியில் வருத்தம் இல்லை. ரூபாய் பைசாவை மறைக்காமலே சொல்கிறேன்.

எனக்கு ஊர் குமாரபாளையம். காவிரிக்கு இந்தக் கரையில் நாங்கள், பாலம் தாண்டினால் பவானி. ஊர் முழுக்க விசைத்தறிச் சத்தம். தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாவலும் அதைச் சுற்றித்தான். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அதை அடைக்க முடியாத ஒரு குடும்பம். அடுத்த முதலாளி அந்தக் கடனைத் தீர்த்து அவர்களைத் தன் பட்டறைக்குக் கூட்டிப்போவார், கடனும் கூடவே போகும். தொண்ணூறுகளில் நடக்கிற கதை.

ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு கைப்பேசியில்தான் எழுதினேன். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் யாராவது வந்து "என்ன எழுதறே?" என்பார்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

முதலில் எழுதியதெல்லாம் வர்ணனை. ஆறு, ஆடிப்பெருக்கு, கூடுதுறைக் கோபுரம். திரும்பப் படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. சனிக்கிழமைக் கூலி போடும் காட்சிக்கு வந்தபோதுதான் கதை நகர ஆரம்பித்தது. முதலாளி நீளமான பேரேட்டைத் திறக்கிறார். ஆள் பெயர், ஓட்டிய மீட்டர், கூலி, முன்பணப் பிடித்தம், மீதி. பிள்ளையின் காய்ச்சலுக்கும் தீபாவளிக்கும் மேற்கொண்டு வாங்கியது சிவப்பு மையில். வாராவாரம் பிடிக்கிறார்கள், மீதி மட்டும் இறங்கவே இல்லை. அந்தப் பேரேட்டுப் பக்கத்தைக் கட்டம் போட்டு அப்படியே நாவலில் வைத்தேன். கோபுரத்தையும் ஆற்றையும் பெரும்பாலும் எடுத்துவிட்டேன்.

எழுதி முடித்து ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நன்றாக இருக்கிறது, போடலாம், ஆனால் 200 பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். விலை 250, எனக்கு 30 சதவீதக் கழிவு. ஆக 35,000 ரூபாய். ராயல்டி? இரண்டாம் பதிப்பு வந்தால் பார்க்கலாமாம். காசும் என்னுடையது, 200 பேரைத் தேடிப்பிடித்து விற்க வேண்டியதும் நான் என்றால், பதிப்பிக்கும் உரிமை மட்டும் எதற்கு அவர்களிடம்? அன்றைக்கே அச்சகங்களில் விலை விசாரிக்கத் தொடங்கினேன்.

"நாவல் ஒண்ணு அடிக்கணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் வாய்க்கு வந்த விலைதான் கிடைக்கும். கேட்க வேண்டியது இப்படி: டெம்மி அளவு, 256 பக்கம், உள்தாள் 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங். டெம்மி என்பது நாவல்களுக்கு வழக்கமான அளவு, ஜிஎஸ்எம் தாளின் கனம், நேச்சுரல் ஷேட் லேசாக மஞ்சளடித்த தாள், பெர்ஃபெக்ட் பைண்டிங் என்றால் முதுகில் பசை போட்டு ஒட்டுவது. இந்த ஒரு வரியை எல்லா அச்சகங்களுக்கும் ஒரே மாதிரி அனுப்பினால்தான் விலையை ஒப்பிட முடியும். ஐம்பது, நூறு பிரதி போதும் என்றால் டிஜிட்டல். அதில் பிளேட், அதாவது அச்சுத் தகடு, கிடையாது, ஆனால் ஒரு பிரதியின் விலை எத்தனை போட்டாலும் பெரிதாக இறங்காது. ஆஃப்செட்டில் பிளேட் செலவு 300 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றேதான். அதனால் எண்ணிக்கை கூடக் கூட விலை இறங்கும். சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட்டில் 300 பிரதிக்கு 33,000 சொன்னார்கள். பிரதி 110 ரூபாய். "ஆயிரமாப் போட்டுடுங்க மேடம், 65க்கே வந்துடும்" என்றும் ஆசை காட்டினார்கள். பிரதி விலை இறங்கினாலும் மொத்தத் தொகை 65,000 ஆகிறது. அதைவிட முக்கியம், மிச்சப் புத்தகத்தை எங்கே அடுக்குவது? எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே வெங்காயம் இருக்கிறது. 300 போதும் என்று நின்றுகொண்டேன்.

அச்சுக்கு முன்னால் மெய்ப்பு, அதாவது பிழை திருத்தம். இதில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பக்கத்துக்கு 15 ரூபாய் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொடுத்தார். முதல் ஐந்து பக்கம் திரும்பி வந்தபோது தாளில் கறுப்பைவிடச் சிவப்பு அதிகம். "'தறிக்கு போனான்' இல்ல அம்மிணி, 'தறிக்குப் போனான்'. நாலாம் வேற்றுமைங்க, வல்லினம் மிகும்" என்றார். அது சரி. ஆனால் பேச்சு வரிகளிலும் கை வைத்துவிட்டார். கிழவி "சந்தைக்குப் போவோணும்" என்று சொன்ன இடத்தில் "போக வேண்டும்" என்று திருத்தியிருந்தார். தறிக்குப் பக்கத்தில் நின்று ஒரு கிழவி அப்படிப் பேசினால் பக்கத்துத் தறிக்காரன் பயந்துவிடுவான் என்றேன். ஐயா சிரித்துவிட்டு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். கதை சொல்லும் வரிகள் அவர் பொறுப்பு, மேற்கோளுக்குள் வருவது என் பொறுப்பு. கூடவே எனக்கு ஒரு வேலையும் வைத்தார். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஒரு பட்டியல். கிழவிக்கு எப்போதும் "போவோணும்", பள்ளிக்கூடம் போன பேத்திக்கு "போகணும்", சேலத்திலிருந்து வந்த மேஸ்திரிக்கு வேறு. பட்டியலை வைத்துக்கொண்டு மறுபடி படித்தால், ஒரே பக்கத்தில் கிழவி இரண்டு விதமாகவும் பேசிக்கொண்டிருந்தாள். வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலை முதல் அத்தியாயத்திலேயே போட்டுவிடுவது நல்லது.

அப்புறம் பக்க வடிவமைப்பு. நான் எழுதியது யூனிகோடில், அதாவது எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துமுறையில். வடிவமைத்த தம்பி பழைய எழுத்துருவில் வேலை செய்கிறவர். மாற்றியபோது மேற்கோள் குறி இருந்த இடங்களில் சம்பந்தமில்லாத எழுத்துகள் முளைத்தன, 'ஸ்ரீ' எல்லாம் உடைந்தது. அதனால் மெய்ப்பை மாற்றத்துக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை என்று இரண்டு தடவை பார்த்தே ஆக வேண்டும். யூனிகோடிலேயே வடிவமைத்துத் தருகிறவர்கள் இப்போது கிடைக்கிறார்கள். கிடைத்தால் அவர்களையே பிடியுங்கள்.

வடிவமைத்துப் பார்த்தால் 261 பக்கம். டெம்மியில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் ஒரு தொகுதி. 256 என்றால் சரியாக 16 ஃபாரம். மிஞ்சிய ஐந்து பக்கத்துக்காக அரை ஃபாரம் சேர்க்கலாம், ஆனால் அதற்கும் பிளேட்டும் தாளும் ஆகும். குறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால், அத்தியாயங்களின் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் பார்த்தோம். மூன்று அத்தியாயங்கள் கடைசிப் பக்கத்தில் நாலைந்து வரி மட்டும் தொங்கிக்கொண்டு முடிந்தன. அந்தந்த அத்தியாயத்தில் அந்த நாலைந்து வரியைச் சுருக்கினால் ஒரு முழுப் பக்கம் மிச்சம். ஒரே ஒரு சொல் அடுத்த வரிக்கு வழிந்திருக்கும் பத்திகளாகத் தேடிப் பிடித்து வெட்டினேன். பாக்கி இரண்டு பக்கம் கல்யாண வீட்டுக் காட்சியிலிருந்து போனது. சேலை நிறங்களையே ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன், இன்றுவரை ஒருவரும் அதைத் தேடவில்லை. அச்சகத்துக் கணக்குக்காகச் செய்த வேலை, ஆனால் அந்த மூன்று அத்தியாயங்களும் முன்பைவிட நன்றாக முடிகின்றன.

புத்தகத்துக்கு அடையாளமாகக் கொடுக்கும் ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தருகிறோம் என்று இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கிறவர்கள் உண்டு. கொடுக்கத் தேவையில்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். 13 இலக்க எண். அட்டை அச்சாவதற்கு முன்னால் கையில் இருந்தால்தான் பின்னட்டையில் பட்டைக்குறி (பார்கோடு) போட முடியும், அதனால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். பதிப்புரிமை எழுதியவுடனேயே நமக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது நம் விருப்பம், 500 ரூபாய் கட்டணம், நான் செய்யவில்லை.

மொத்தச் செலவு: அச்சு 33,000, மெய்ப்பு 3,840, வடிவமைப்பு பக்கத்துக்கு 20 வீதம் 5,120, அட்டை ஓவியம் 4,000. ஆக 45,960. பிரதிக்கு 153 ரூபாய் அடக்கம். விலை 280 வைத்தேன். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு நிம்மதி.

இந்த 280 எங்கே போகிறது என்பதுதான் விஷயமே. விற்பனையாளர் 40 சதவீதம் எடுத்துக்கொண்டால் எனக்கு 168. அடக்கம் போக 15 ரூபாய், அதிலும் பார்சல் கூலி என் தலையில். பணம் வருவது புத்தகம் விற்ற பிறகு, அவர்களுக்கு நினைவு வரும்போது. நானே நேராக விற்றால், கூரியர் செலவை வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டால், பிரதிக்கு 127. 165 பிரதி நேரடியாக விற்றால் போட்ட முதல் வந்துவிடும். கடைகளை மட்டும் நம்பினால் 300ல் 274 விற்றால்தான் வரும். சொந்தமாகப் போடுகிறவர்களுக்கு நேரடி விற்பனைதான் கட்டுபடியாகும் என்று அடித்துச் சொல்வேன்.

வாங்கியவர்களில் பெரும்பகுதி தறி சம்பந்தப்பட்டவர்கள். கடைக்கு நூல் வாங்க வந்தவர்களே இரண்டு புத்தகம், மூன்று புத்தகம் என்று எடுத்துப் போனார்கள். "எங்கப்பன் கதைங்க இது" என்று ஒருவர் பேரேட்டுப் பக்கத்தைக் காட்டிச் சொன்னார். அந்த முதலாளி யார் என்று மட்டும் எல்லாரும் கேட்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை, எனக்கு இந்த ஊரில்தான் வேலை. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில், தெரிந்த ஒரு பதிப்பாளர் தன் அரங்கில் 35 சதவீதக் கழிவுக்கு வைத்துக்கொண்டார். மாலை நேரத்தில் நானும் அங்கே போய் நின்றேன். நான் நின்ற நாட்களில் விற்றது, நிற்காத நாட்களில் விற்கவில்லை. ஜனவரியில் பபாசி என்கிற பதிப்பாளர், விற்பனையாளர் சங்கம் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்கும் சில பிரதிகள் போயின, அங்கே அரங்கில் நிற்க எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எத்தனை திரும்பி வந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அமேசானின் கிண்டிலில் மின்புத்தகமாகப் போட யூனிகோடுக் கோப்பு அப்படியே உதவியது. இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டும் என்றால் கேடிபி செலக்ட் என்ற அவர்கள் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்புத்தகத்தை வேறெங்கும் விற்கக் கூடாது. பணம், விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் கூரியர் செலவே புத்தக விலையைத் தாண்டிவிடும் ஊர்களில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். பதிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததால் நானே கட்டி அனுப்பினேன். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அதை வரவுப் பக்கத்தில் எழுதவில்லை, வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

300 பிரதிகளில் ஒரு கட்டு மட்டும் பாக்கி. மறு அச்சுக்கு 200 சொல்லியிருக்கிறேன். பக்கங்கள் மாறாததால் பழைய ஐ.எஸ்.பி.என். எண்ணே போதும். வாசகர்கள் காட்டிய பிழைகளைக் குறித்துத் தமிழாசிரியர் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் ஏற்கெனவே தன் பிரதியில் இன்னும் பதினொன்றைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருந்தார். இந்தத் தடவை காசு வேண்டாம் என்றார். திருத்தின புத்தகம் இரண்டு போதுமாம், ஒன்று அவருக்கு, இன்னொன்று தறி ஓட்டிய அவர் சம்பந்திக்கு.