யெல்லோஸ்டோனுக்குத் தூண்டிலோடு போகிறவர்களுக்கு

எங்கள் பையனுக்கு வயது 13. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஆற்றில், லைசென்ஸ் வைத்திருக்கும் என் பக்கத்தில் நின்று அவன் சும்மாவே மீன் பிடிக்கலாம். வெளி மாநிலப் பிள்ளைகளுக்கு அங்கே 14 வயது ஆகும்வரை லைசென்ஸ் தேவையில்லை. அவர்கள் பிடிப்பது பெரியவரின் கணக்கில் சேரும், அவ்வளவுதான். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் அந்த வரம்பு 16. பூங்காவின் மேற்கு வாசலைத் தாண்டி மான்டானாவுக்குள் கால் வைத்தால் 12. காலையில் பூங்காவுக்குள் மேடிசன் ஆற்றில் காசில்லாமல் தூண்டில் போட்ட பையன், மதியம் அதே ஆற்றில் இன்னும் கீழே போய்ப் போட வேண்டுமென்றால் தன் பெயரில் தனியாக லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும்.

டென்வரில் இருந்து காரில் கிளம்பி லேண்டர், டுபாய்ஸ், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கடைசியில் மான்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்பது ஜூன் மாதக் கடைசிக்கு நாங்கள் போட்ட திட்டம். ஹோட்டல், கேம்ப் எல்லாம் பதிவு செய்த பிறகு வரைபடத்தை மேசையில் விரித்துக்கொண்டு, போகிற வழியில் எந்தத் தண்ணீர் யாருடையது என்று பார்க்க ஆரம்பித்தோம். என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "என்னங்க, லேண்டருக்கும் டுபாய்ஸுக்கும் நடுவுல ரோடு முழுக்க வேற கலர்ல இருக்கு பாருங்க" என்றாள். அது விண்ட் ரிவர் ரிசர்வேஷன். கிழக்கு ஷோஷோனி, வடக்கு அரபஹோ என்ற இரண்டு பழங்குடி மக்களின் நிலம். அங்கே வயோமிங் லைசென்ஸ் செல்லாது. பழங்குடி நிர்வாகம் கொடுக்கும் பெர்மிட் வேண்டும். சாலையோரம் ஆறு அழகாக ஓடுகிறதே, பத்து நிமிடம் தூண்டில் போட்டுவிட்டுப் போவோம் என்று வண்டியை ஓரம் கட்டக் கூடாத இடம். நாங்கள் நிற்காமல் டுபாய்ஸ் வரை போனோம்.

டுபாய்ஸைச் சுற்றியுள்ள ஆறு மறுபடியும் மாநிலத்தின் கையில். ஆனால் வயோமிங்கில் ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆற்றில் ஓடும் தண்ணீர் பொதுச் சொத்து. ஆற்றின் தரை, கரையோர நிலத்துக்காரருடையது. 1961-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. படகில் மிதந்துகொண்டே மீன் பிடிக்கலாம். தனியார் நிலத்துக்கு நடுவே இறங்கி நிற்கவோ நங்கூரம் போடவோ கூடாது. தண்ணீர் குறைவான இடத்தில் படகு தரை தட்டினால் இறங்கித் தள்ளலாம், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. எங்களைப் போலக் கரையில் நின்று பிடிப்பவர்கள், மீன்-வனவிலங்குத் துறை பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் இடங்களைத் தேடிப் போக வேண்டும். அதற்கான பலகைகள் சாலையிலேயே இருக்கும். துறையின் வரைபடத்திலும் குறித்திருப்பார்கள்.

மான்டானாவில் இது அப்படியே தலைகீழ். 1984-ல் அங்கே நீதிமன்றத்தில் ஆற்றை நேசிக்கும் சாதாரண மக்கள் ஜெயித்தார்கள், 1985-ல் சட்டமே வந்தது. பொதுச் சாலையிலோ பாலத்திலோ இருந்து முறையாக ஆற்றில் இறங்கிவிட்டால், வெள்ளம் வழக்கமாக ஏறும் கோடு வரைக்கும் யார் நிலமானாலும் நடந்துபோகலாம். அந்தக் கோட்டைத் தாண்டி மேலே ஏறினால் அத்துமீறல். வேலிக் கம்பத்தில் பளிச்சென்று ஆரஞ்சு வண்ணம் பூசியிருந்தால், 'உள்ளே வராதே' என்று பலகை வைத்ததற்குச் சமம். கோடீஸ்வரர்களின் பண்ணைகளுக்கு நடுவே ஓடும் ஆற்றிலும் ஒரு தச்சரோ பள்ளி ஆசிரியரோ போய் நிற்க முடிகிறது என்றால், அதற்கு இந்தச் சட்டம்தான் காரணம். எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் இது ஒன்று.

கிராண்ட் டீட்டனும் யெல்லோஸ்டோனும் கிட்டத்தட்ட ஒட்டியிருக்கும் இரண்டு தேசியப் பூங்காக்கள். இரண்டுக்கும் ஒரே விதிதான் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை. டீட்டனுக்குள் வயோமிங் லைசென்ஸே செல்லும். யெல்லோஸ்டோனுக்குள் எந்த மாநில லைசென்ஸும் செல்லாது, பூங்காவின் சொந்தப் பெர்மிட் வேண்டும். பூங்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை மான்டானாவுக்குள் வருகிறது. மேடிசன் ஆறு அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. அங்கேயும் பூங்கா எல்லை முடியும்வரை பூங்கா பெர்மிட்தான். மாநிலக் கோடு எங்கே என்று தேடாதீர்கள், பூங்கா எல்லை எங்கே என்று பாருங்கள்.

யெல்லோஸ்டோனின் விதிகளை நான் ஒரு கதையைப் போலப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்தத் தண்ணீரில் நடந்த ஏதோ ஒன்று இருக்கிறது. யெல்லோஸ்டோன் ஏரியின் சொந்த மீன் கட்த்ரோட் டிரவுட். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கத்தியால் கீறியது போலச் சிவப்புக் கோடு இருக்கும். 1994-ல் அந்த ஏரியில் லேக் டிரவுட் என்ற வெளி மீன் இருப்பது தெரிய வந்தது. அது கட்த்ரோட்டைத் தின்று பெருகியது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளுக்கு ஏறி வரும். கரடியும் நீர்நாயும் விரால் அடிப்பான் பருந்தும் அதை நம்பிப் பிழைத்தன. லேக் டிரவுட்டோ ஆழத்திலேயே இருந்து ஆழத்திலேயே முட்டையிடும், அவற்றுக்கு எட்டாது. ஒரு மீன் குறைந்ததில் கரையில் இருந்த உயிர்களின் சாப்பாடும் போனது. பூங்கா நிர்வாகம் ஆண்டுதோறும் படகில் வலைபோட்டு லேக் டிரவுட்டை அள்ளிக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் இரண்டு விதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. கட்த்ரோட் சிக்கினால் உடனே உயிரோடு விட வேண்டும். ஏரியில் லேக் டிரவுட் சிக்கினால் கொன்றே ஆக வேண்டும், திருப்பி விடுவது குற்றம். அப்படியென்றால் எது எது என்று கையில் எடுத்த நொடியில் தெரிந்தாக வேண்டும் இல்லையா? கிளம்புவதற்கு முன் பல இரவுகள் நானும் பையனும் படங்களை வைத்துப் பழகினோம். லேக் டிரவுட்டுக்கு வால் நடுவில் ஆழமாகப் பிளந்திருக்கும். கருத்த உடம்பில் வெளிறிய புள்ளிகள். கட்த்ரோட்டுக்கு வெளிறிய உடம்பில் கரும்புள்ளிகள், கூடவே அந்தச் சிவப்புக் கோடு.

ஏரிக்கரையில் பையனுக்கு முதலில் வந்தது கட்த்ரோட். அவன் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே இல்லை. கையை நனைத்துக்கொண்டு, அடியில் தாங்கி, லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சிவப்பு இருக்குப்பா" என்றான். முள் உடனே கழன்று வந்தது, ஏனென்றால் அதில் எதிர்முள் இல்லை. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு சின்னச் செதில் இருக்குமே, பூங்காவுக்குள் அது கூடாது. வீட்டில் உட்கார்ந்து குறட்டால் ஒவ்வொன்றாக நசுக்கித் தட்டையாக்கிக் கொண்டுவந்திருந்தோம். பஞ்சில் உரசிப் பார்த்தால் மாட்டாமல் வழுக்கி வர வேண்டும், அதுதான் சோதனை. ஈயக் குண்டுகளும் பூங்காவுக்குள் ஆகாது. ஈயம் இல்லாத எடைகளைத் தனியாக வாங்க வேண்டும். அப்புறம் மேடிசன், ஃபயர்ஹோல் ஆறுகளில் செயற்கை ஈ கட்டிய ஃப்ளை தூண்டில் மட்டும்தான். பையனின் சாதாரணச் சுழல் தூண்டில் ஏரிக்குச் சரி, அந்த ஆறுகளுக்கு ஆகாது; மேடிசனில் என் ஃப்ளை தூண்டிலை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டோம்.

ஏரியில் இருந்து ஆறு புறப்படும் இடத்தில் ஒரு பெரிய மரப்பாலம் இருக்கிறது. பெயர் ஃபிஷிங் பிரிட்ஜ். 1937-ல் கட்டியது. ஒரு காலத்தில் தோளோடு தோள் உரச மக்கள் அதன்மேல் நின்று மீன் பிடித்தார்கள். கட்த்ரோட் முட்டையிடும் இடம் அது என்பதால் 1973-ல் இருந்து அங்கே தூண்டில் போடத் தடை. நாங்கள் போனபோது குடும்பம் குடும்பமாக மக்கள் கைப்பிடியில் சாய்ந்து, கீழே தெளிந்த நீரில் நிற்கும் மீன்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பயணத்தில் நாங்கள் அதிக நேரம் நின்ற இடமும் அதுதான்.

காலணிக்கும் விதி உண்டு. வழுக்காமல் இருக்க அடியில் கம்பளி ஒட்டிய பூட்ஸ் போட்டு மீன் பிடிப்பதற்குப் பூங்காவுக்குள் 2018 முதல் தடை. அந்தக் கம்பளி எளிதில் காயாது. மிளகை விடப் பெரிதாகாத நியூசிலாந்துச் சேற்று நத்தையும், மீன்களை வட்டமடித்துச் சுழல வைக்கும் நோயின் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். அந்த நோய் 1994-ல் மேடிசன் ஆற்றில் கண்டறியப்பட்டது. சில பகுதிகளில் ரெயின்போ டிரவுட் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒவ்வோர் ஆற்றில் இருந்து ஏறும்போதும் பூட்ஸைச் சேறு போகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தோம். இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனாலும் தயவுசெய்து செய்யுங்கள்.

மான்டானாவில் லைசென்ஸ் என்பது ஒன்றல்ல. இயற்கைப் பாதுகாப்பு லைசென்ஸ், வெளி உயிரினத் தடுப்புக்கான பாஸ், பிறகுதான் மீன்பிடி லைசென்ஸ். மூன்றையும் சேர்த்து இணையத்திலேயே வாங்கலாம். பையனுக்கும் அவன் பெயரில் லைசென்ஸ் வாங்கினோம். விதிப் புத்தகத்தில் மாவட்டத்துக்கான பொது விதியைப் படித்ததோடு நிறுத்தக் கூடாது, நீங்கள் போகும் ஆற்றின் பெயருக்கு நேரே தனி விதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 1959 நிலநடுக்கத்தில் மலை சரிந்து உருவான குவேக் ஏரிக்குக் கீழே, மேடிசன் ஆற்றில் லயன்ஸ் பாலம் வரை படகில் இருந்துகொண்டு தூண்டில் போடக் கூடாது. மிதந்து போகலாம், மீன் பிடிக்க இறங்கி நிற்க வேண்டும்.

வேட்டை என் துறை இல்லை. ஆனால் கூட வந்த அலுவலக நண்பர் சிறுவயதில் இருந்து வேட்டைக்குப் போகிறவர். அவர் சொன்னதில் முக்கியமான சில: வயோமிங்கில் எல்க் மானுக்கு வெளி மாநிலத்தவர் மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். அங்கே வனாந்தரப் பகுதி என்று அறிவித்த காடுகளில் பெரிய விலங்கு வேட்டைக்கு வெளி மாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. மான்டானாவில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும். யெல்லோஸ்டோனுக்குள் வேட்டையே கிடையாது. ஒரு மாநிலத்தில் சட்டத்தை மீறிப் பிடித்ததை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900-ல் வந்த லேசி சட்டத்தின்படி அது மத்தியக் குற்றமாகிவிடும். ஓரிடத்தில் லைசென்ஸ் பறிபோனால், மாநிலங்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் உள்ள மற்ற மாநிலங்களும் மறுக்கலாம்.

வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எல்லா விதிப் புத்தகங்களையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், லைசென்ஸைத் தாளில் அச்சடித்தும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் விதி மாறும், பழையதை நம்ப வேண்டாம். கோடையின் நடுவில் போகிறவர்கள் காலையில் ஒருமுறை துறையின் தளத்தைப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் ஆற்று நீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மான்டானாவில் மதியம் 2 மணிக்கு மேல் நள்ளிரவு வரை அந்த ஆற்றை மூடிவிடுவார்கள். வெதுவெதுப்பான நீரில் டிரவுட்டுக்கு மூச்சு முட்டும், பிடித்துத் திருப்பி விட்டாலும் பிழைப்பது கடினம். நாங்கள் அடுத்த முறை போவது ஆகஸ்டில். விடியும் முன்பே ஆற்றில் நிற்க வேண்டும் என்று பையனிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது.