பாலாடை

"அழுதுட்டே இருக்கே, பால் பத்தலையோ?"

பார்க்க வந்த சித்தி மூன்றாவது முறையாகக் கேட்டார். தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கேயும் போஸ்டர்: 'முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே.'

சிசேரியன் ஆகி மூன்றாம் நாள். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் உள்ளதுதான். இவனுக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

டாக்டர் பவுடர் பால் எழுதிக் கொடுத்தார். "ரெண்டு நாளைக்குத்தான். முதல்ல மார்ல போடுங்க, அப்புறம் இது. பாட்டில் வேண்டாம்."

அம்மா பையைத் துழாவி, குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையை எடுத்தாள். எனக்கும் தங்கைக்கும் ஊட்டியது. மூக்கு லேசாக நசுங்கியிருந்தது (நான் கடித்தது என்பது குடும்ப வரலாறு). வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள்.

பால்பவுடர் விளம்பரத்தை 1992 சட்டம் தடை செய்தது. ரொம்பச் சரி. கம்பெனிகளை நம்பவே முடியாது. ஆனால் அந்தக் கண்டிப்பெல்லாம் கடைசியில் தையல் வலியோடு படுத்திருக்கிறவள் தலையில் வந்து விடிகிறது.

"நான் தோத்துட்டேனாண்ணா?" என்றாள்.

அம்மா முந்திக்கொண்டாள். "உனக்கும் நாலு நாள் இதுல பவுடர் பால்தான்டி குடுத்தேன்."

இத்தனை வருஷத்தில் யாரும் எங்களிடம் இதைச் சொன்னதில்லை.