ஆறு இல்லை, ஏழு

"சித்தப்பா, ஆறு இல்லை, ஏழு என்று எழுதுங்கள்" என்றான் அண்ணன் மகன்.

ஏற்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால், காப்பிச் செடிகளை ஒட்டிய புல்சரிவில் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் புதைத்து, இன்று காலை அவன் கோல்ஃப் பழகிக்கொண்டிருந்தான். உண்மையான குழி 10.8 சென்டிமீட்டர் அகலம். டம்ளர் அதைவிடக் குறுகல்.

மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தபோது, பந்து ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டதாம். பனிமூட்டத்தில் எனக்குப் பந்தே சரியாகத் தெரியவில்லை. பந்தைக் குழிக்குள் போட எத்தனை முறை அடித்தோம் என்பதுதான் கோல்ஃபில் கணக்கு; குறைவாக அடித்தவருக்கே வெற்றி. தான் நகர்த்திய பந்துக்குத் தண்டனையாக அந்தக் கணக்கில் ஓர் அடி கூடுதல் என்று அவனே விதித்துக்கொண்டான்; ஆறு ஏழானது அப்படித்தான்.

1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் அந்நாட்டு வீரர் பாபி ஜோன்ஸும் வேறு எவரும் காணாத இத்தகைய அசைவுக்காகத் தம்மீதே ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டார். சமநிலையில் முடிந்த அந்தப் போட்டியை, பின்னர் நடந்த கூடுதல் ஆட்டத்தில் ஓர் அடி வித்தியாசத்தில் இழந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் வெண்கலத்தைத் தவறவிட்டதும் அதே ஓர் அடியில்தான்.

அந்த ஓர் அடியின் விலை தெரிந்தே ஒருவன் அதைத் தன் கணக்கில் எழுதப் பழகுகிறான் என்றால், அவனது மதிப்பெண் பட்டியலைப் பற்றி நான் அதிகம் கவலைப்படப் போவதில்லை. (அண்ணன் கவலைப்படுவார், அது வேறு.)

பத்தாம் வகுப்புவரை எல்லாரையும்போல "டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது மண்ணையும் புல்லையும் பற்றிப் படிக்க வேளாண் கல்லூரிக்குப் போக வேண்டும் என்கிறான். பந்து ஏன் அந்த இடத்தில் மட்டும் வளைகிறது என்று தேடத் தொடங்கியதில் பிறந்த ஆசையாம்.

அண்ணி இன்னும் அந்த டம்ளரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.