ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெட்டும் வண்டி: கீழ் மவுண்டிங் மாற்றிய அனுபவம்

இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஒரு வெட்டு, திரும்ப மிதித்தால் ஒரு உதை. என் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் அது இப்போது முக்கால்வாசி போய்விட்டது. கிளட்ச் பிளேட் மாற்றினால்தான் சரியாகும் என்று பட்டறையில் சொன்னார்கள். பிளேட்டைத் தொடவே இல்லை, என்ஜினை அடியில் பிடித்திருக்கும் ரப்பர் மவுண்டிங்கைத்தான் மாற்றினேன்!

முதலில் ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டி ஓட்டினேன். காலை எடுத்ததும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் பூஜ்யம். புகைக்குழாயில் இருக்கும் முன் ஆக்சிஜன் சென்சார் வோல்டேஜும் பூஜ்யத்தை ஒட்டி இறங்குகிறது, அதாவது பெட்ரோல் நின்றுவிட்டது. ஆர்.பி.எம். 1,400 பக்கம் வந்ததும் பெட்ரோல் மறுபடி பாய்கிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க இ.சி.யூ. (என்ஜினை நடத்தும் கணினி) செய்கிற வழக்கமான வேலைதான், குறை அல்ல. ஆனால் அதுவரை சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்த என்ஜினை, பெட்ரோல் நின்ற நொடியிலிருந்து சக்கரம் தள்ள ஆரம்பிக்கிறது. கியர் பல், டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் என்று என்ஜினிலிருந்து சக்கரம் வரை எல்லாவற்றிலும் இருக்கும் சின்னச் சின்ன ஆட்டம் ஒரே சமயத்தில் எதிர்ப்பக்கம் தாவுகிறது. இரண்டாம் கியரில் என்ஜினின் முறுக்கு சக்கரத்துக்குச் சுமார் எட்டு மடங்காகப் போகும். ஐந்தாம் கியரில் மூன்று, மூன்றரைதான். சென்னை வேளச்சேரி நெரிசலில் உயிரை வாங்கும் வெட்டு பைபாஸில் காணாமல் போவது இதனால்தான்.

இதற்கு மேல் என்ஜினே ஆடினால்? பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, தம்பியை உட்காரவைத்து முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விடச் சொன்னேன். (பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னால் வேண்டாம்.) என்ஜின் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போனது. மேலே இருக்கும் இரண்டு மவுண்டிங்கும் எடையைத்தான் தாங்குகின்றன. புரளாமல் பிடிப்பது கீழே இருக்கும் எலும்பு வடிவ மவுண்டிங். கழற்றியபோது ரப்பர் நடு இரும்புக் குழாயை விட்டுப் பாதி வட்டத்துக்குப் பிய்ந்திருந்தது, விரலாலேயே குழாயை ஆட்ட முடிந்தது.

மாட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. ஜாக்கியில் என்ஜின் தூக்கி நிற்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே உறைந்துவிடும். ஐடிலில் (வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது) ஸ்டீயரிங் அதிரும், புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். நான் போல்ட்டைக் கையால் மட்டும் திருகி, ஜாக்கியை முழுக்க இறக்கி, நியூட்ரலில் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தேன். மவுண்டிங் தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டு உட்காரும். அப்புறம்தான், குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரென்ச். இந்தப் பொறுமை பட்டறையில் கிடைக்காது என்பது என் தீர்மானமான கருத்து.

உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் இந்த மவுண்டிங்கைத் தேடுகிறவர்களுக்கு: பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், ரப்பரில் நகத்தை அழுத்திப் பாருங்கள். வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தது கட்டையாக இருக்கும், ஓரத்தில் மயிரிழை வெடிப்பும் தெரியும். புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் மலிவுதான், ஆனால் ரப்பர் சாமானுக்கு அங்கே போவதில் அர்த்தமில்லை, அதுவும் அதே வயசுதான். ரப்பருக்குப் பதில் அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டால் வெட்டு இன்னும் குறையும். ஐடில் அதிர்வு முழுக்கக் கேபினுக்குள் வரும். தினசரி ஓட்டுகிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

மீதிக் கால்வாசி வெட்டுக்கு என் சந்தேகம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் மேல். பெடலை விரலால் அழுத்தினால் என்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் அசைவதற்குள் வெற்று ஆட்டம் நன்றாகவே தெரிகிறது; அது தாண்டியதும் படக்கென்று திறக்கிறது. த்ராட்டில் பாடியைக் கழுவிவிட்டு கேபிளின் லாக் நட்டை மெல்ல மெல்ல இறுக்கப் போகிறேன், ஐடில் ஏறாத அளவுக்கு மட்டும். அதற்கும் மசியவில்லையென்றால் வலது டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட்டைக் கழற்ற வேண்டியதுதான். கிரீஸ் ஏற்கெனவே வாங்கி வைத்தாகிவிட்டது.